சத்தம் போடாத வண்டியும் ஒரு ரெக்சின் உறையும்

கார் வயரிங் தொழிலில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை ஒன்று உண்டு: தெரியாது. மெக்கானிக் கைவிட்ட வண்டிதான் எங்களிடம் வரும். "இது எலக்ட்ரிக்கல் ப்ராப்ளம்" என்று அவர் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார். நாங்கள் பானெட்டைத் திறப்போம், ஒரு வயரைத் தூக்கிப் பார்ப்போம், "ம்" என்போம், டெஸ்ட் லாம்பை இரண்டு இடத்தில் வைப்போம். தெரியாது என்று மட்டும் சொல்ல மாட்டோம். சொன்னால் வண்டி அடுத்த ஷெட்டுக்குப் போய்விடும்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கி, மாதம் ஒரு முறை எங்களைப் போன்றவர்கள் முன்னால் கைகட்டி நின்ற அன்பர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்ல வேண்டும். கிழக்குத் தாம்பரத்தில் கேம்ப் ரோடு பக்கம் பதினெட்டு வருஷத்துக்கு மேலாக ஷெட் வைத்திருக்கிறேன். எத்தனையோ வண்டிகள் வந்தன, எல்லாம் மறந்துவிட்டன. ஒரு வண்டி மட்டும் மறக்கவில்லை. பெட்ரோலிலும் ஓடும், கரண்டிலும் ஓடும் ஹைபிரிட் வண்டி அது. அப்போது நம் பக்கத்தில் அந்த வார்த்தையே யாருக்கும் தெரியாது, என்னையும் சேர்த்துத்தான்.

காதை வைத்துப் பார்த்தேன்

கோவளத்திலிருந்து ஓட்டல்களுக்கு மீன் போடும் தனலட்சுமியை எல்லோரும் தனம் அக்கா என்பார்கள். நானும் அக்கா என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். யாருக்கு வயது அதிகம் என்று இருவருமே கேட்டுக்கொண்டதில்லை. லோடு ஆட்டோவை அவரே ஓட்டுவார். அவர் வீட்டுக்காரர் கன்னியப்பன் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். இரண்டு கிட்னியும் போய்விட்டதால் வாரம் இரண்டு நாள் தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்கு வர வேண்டும். கோவளத்திலிருந்து கேளம்பாக்கம், அங்கிருந்து வண்டலூர் ரோடு, பிறகு தாம்பரம். லோடு ஆட்டோவின் முன் சீட்டில் குலுங்கிக் குலுங்கி வந்து, ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு, மறுபடி குலுங்கிக்கொண்டே திரும்புவார். வீடு போய்ச் சேரும்போது மனிதர் துவண்டுவிடுவார்.

குலுங்காத காராக ஒன்று பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்த அக்கா, ஒரு நாள் ராகவன் என்பவரோடு வந்தார். ராகவனுக்குக் கேளம்பாக்கத்தில் ஐ.டி. வேலை. சிங்கப்பூரிலிருந்து வந்தபோது கொண்டுவந்த வண்டி. இங்கே கம்பெனியில் ஆள் குறைத்ததால் திரும்பவும் சிங்கப்பூர் போகிறார், அதனால் விற்கிறார். இறக்குமதி வண்டி என்று யாரும் கிட்டே வராததால் விலையும் இறங்கியிருந்தது. நான் பானெட்டைத் திறந்து, "ஸ்டார்ட் பண்ணுங்க சார்" என்றேன். "பண்ணியாச்சு" என்றார். நான் இன்ஜின் மேல் காதை வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. பேட்டரி படுத்துவிட்டது, வயர் எடுத்து வருகிறேன் என்று நகர்ந்தேன். ராகவன் சிரித்துக்கொண்டே லேசாகக் காலை வைக்க, வண்டி என் கண் முன்னால் தானாக நகர்ந்து போய் கேட் பக்கம் நின்றது. பின்சீட்டுக்குப் பின்னால் பெரிய பேட்டரி இருப்பதாகவும், வண்டி நின்று கிளம்பும்போது அதிலிருந்துதான் ஓடும் என்றும் அவர் விளக்கினார். நான் எல்லாம் தெரிந்தவனைப் போலத் தலையாட்டினேன். தடிமனான ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்து, "இதை மட்டும் ஒரு தடவை படிச்சிடுங்க சார்" என்றார். புத்தகம் பார்த்து வேலை செய்கிறவனை எங்கள் தொழிலில் மதிக்க மாட்டார்கள். அதை டேஷ்போர்டுக்குள் போட்டு மூடிவிட்டு, "நல்ல வண்டி, தைரியமா வாங்கலாம்" என்றேன். தனம் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நம்ம ஊர்ல எல்லாம் சத்தம் போட்டுகினு சும்மா நிக்குது. இது வாயத் தொறக்காம வேலை செய்யுது. இத நான் எடுத்துக்கறேன் அண்ணா."

நாலு எலுமிச்சம்பழம்

வாங்கிய வெள்ளிக்கிழமையே ஷெட்டுக்குப் பக்கத்துப் பிள்ளையார் கோயிலில் பூஜை. மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம் வைத்தார் குருக்கள். கன்னியப்பன் பின்சீட்டில் சட்டைப் பொத்தானை மேல்வரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர் முகத்தில் கொஞ்சம் களை இருந்தது.

குருக்கள் கற்பூரம் காட்டிவிட்டு, தட்டைக் கீழே வைக்கக் குனிந்தார். அக்கா வண்டியை எடுத்தார். இன்ஜின் உறுமினால் விலகலாம் என்று அத்தனை வருஷமாகப் பழகியிருந்த மனிதருக்கு, தன் பின்னால் வண்டி வருவதே தெரியவில்லை. எலுமிச்சம்பழம் நசுங்கிய சத்தம் கேட்டுத் துள்ளி ஓரம் போனார். தட்டு உருண்டது. எல்லோரும் சிரித்தோம், கன்னியப்பன் இருமும்வரை சிரித்தார். மூச்சு வாங்கி முடித்த குருக்கள் கண்ணாடியருகே வந்து ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

"அம்மா, இனிமே கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு ஹாரன் அடிச்சிடுங்கோ. எனக்கு இன்னும் ரெண்டு பொண்ணு கல்யாணம் பாக்கி இருக்கு."

மூடு, ஸ்பீக்கர்தான்

வண்டியின் உள்ளே சீட்டெல்லாம் வெளிர் நிறத் துணி. ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கசியும், சில நாள் திரும்பும் வழியில் வாந்தி வரும். அதுவும் போக, எத்தனை கழுவினாலும் மீன் வியாபாரத்தின் வாடை கையோடு வரும். துணி சீட் தாங்காது என்று நான்தான் சொன்னேன். நம் ஊரில் புது வண்டி எடுத்தாலும் பழைய வண்டி எடுத்தாலும் முதல் செலவு சீட் கவர்தானே. புது சோபாவில் பிளாஸ்டிக்கைக் கிழிக்காமல் பத்து வருஷம் உட்காருகிற ஜனங்கள் நாம். ஜி.எஸ்.டி. ரோட்டில் சீட் கவர் கடை வைத்திருந்த என் சிநேகிதன் பாஷாவிடம் நானே கூட்டிப்போனேன்.

பாஷா நல்ல வேலைக்காரன். கறுப்பு ரெக்சினை அளந்து வெட்டிக்கொண்டே வந்தவன், பின்சீட்டின் வலது ஓரத்தில், தோள் படும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றான். உள்ளங்கை அகலத்துக்கு ஜன்னல் கம்பி மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஜாலி இருந்தது. "இன்னாபா இது, இத வுட்டுட்டு தெக்கவா?" என்று கேட்டான். நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "ஸ்பீக்கர்தான், மூடு. பாட்டா கேக்கப் போறாரு?" என்றேன். அழுக்கு உள்ளே போகாமல் ஓரம்வரை இழுத்துத் தைக்கச் சொன்னதும் நான்தான். கன்னியப்பன் எப்போதும் அந்தப் பக்கம்தான் சாய்ந்து உட்காருவார் என்பதால் அங்கே உள்ளே கொஞ்சம் பஞ்சும் வைக்கச் சொன்னேன். அக்கறையோடுதான் சொன்னேன் என்பதை இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது. பாஷா ஊசியில் நூல் கோத்துக்கொண்டு கடைசியாக ஒரு தடவை கேட்டான்:

"நீ சொன்னா சரி. ஆனா நான் தெச்சா கிழிக்கத்தான் முடியும், பிரிக்க முடியாது. யோசிச்சிக்கோ."

சின்ன பேட்டரி

நாலு மாதம் கழித்து கேளம்பாக்கம் கூட்டு ரோட்டில் வண்டி நின்றுவிட்டது. டிஸ்பிளே இருட்டு, கியர் விழவில்லை, டிக்கி கூடத் திறக்கவில்லை. நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பத்துப் பேர் சேர்ந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள். இந்த வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது என்பது அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நானும் கூடச் சேர்ந்து தள்ளினேன்.

கடைசியில் சிங்கப்பூரிலிருந்த ராகவனுக்கு போன் போட்டோம். பெரிய பேட்டரி போக, டிக்கிக்குள் சாதாரணப் பேட்டரி ஒன்று சின்னதாக இருக்கிறது. அது செத்தால் வண்டி கண்ணே திறக்காது. பானெட்டுக்குள் ஃப்யூஸ் டப்பாவைத் திறந்து ஒரு சிவப்பு மூடியின் கீழே வேறு பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்தால் போதும் என்றார். கொடுத்தேன், வண்டி உயிர் பெற்றது. பிறகு ஒரு சின்னக் காரின் பேட்டரியை வாங்கி, தகடு வளைத்து உட்கார வைத்தேன். மொத்தம் மூவாயிரம்கூட ஆகவில்லை. கன்னியப்பன் அன்று ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம் தாமதம், அவ்வளவுதான். தனம் அக்கா ஊர் முழுக்க என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். இந்த வண்டியை எனக்குத் தெரியும் என்று நானும் நம்ப ஆரம்பித்தேன். அன்றைக்கு ராகவன் போனை வைப்பதற்கு முன்னால் சொன்னது காதில் விழுந்தது, மனதில் விழவில்லை:

"இதெல்லாம் அந்த புக்லயே போட்டிருக்கே சார், நீங்க பார்க்கலையா?"

கடல் சத்தம்

மாசி போய் பங்குனி வந்தது, வெயில் ஏறியது. ஹெட்லைட் ஒன்று விட்டு விட்டு எரிகிறது என்று அக்கா சொன்னதால், பார்த்துக்கொண்டே போகலாம் என்று ஒரு நாள் அவர்களோடு கேளம்பாக்கம் வரை போனேன். டயாலிசிஸ் முடிந்து கன்னியப்பன் பின்சீட்டில் வலது ஓரமாகச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வண்டலூர் தாண்டியதும் பின்பக்கத்திலிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு காற்றுச் சத்தம் வர ஆரம்பித்தது. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. முன்பு அந்தச் சத்தம் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

"இன்னா அண்ணா சத்தம் அது? ஒரு மாசமா வருது" என்று அக்கா கேட்டார். ஏ.சி. நன்றாக வேலை செய்கிறது, அதன் காற்று என்றேன். முன்னால் இருக்கும் ஏ.சி.யின் சத்தம் பின்னாலிருந்து எப்படி வரும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஏதாவது சொல்லியிருப்பேன். கன்னியப்பன் கண்ணைத் திறக்காமலே, அந்த ரெக்சின் ஓரத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு சொன்னார்:

"இருக்கட்டும் வுடு தனம். கண்ண மூடிக்கினா கரையில படுத்துகினு கீற மாதிரியே கீது."

சிவப்பு முக்கோணம்

கத்திரி வெயிலில் ஒரு புதன்கிழமை. கண்டிகை தாண்டி வரும்போது டிஸ்பிளேயில் ஒரு சிவப்பு முக்கோணம் எரிந்ததாம். நம் ஊர்ச் சுவர்களில் குடும்பக் கட்டுப்பாட்டுக்குப் போட்டிருப்பார்களே, அதைத் தலைகீழாக்கினால் எப்படி இருக்கும், அப்படி. அக்கா எனக்கு போன் பண்ணி, "எங்களுக்கு இந்த வயசுல எதுக்கு அண்ணா இந்த முக்கோணம்?" என்று கேட்டார். நானும் சிரித்தேன். சென்சார் கோளாறாக இருக்கும், மெதுவாக ஓட்டி வாருங்கள் என்றேன். அடுத்த பத்து நிமிஷத்தில் வண்டி நின்றுவிட்டது.

அந்த ரோட்டில் நிழல் கிடையாது. கைகாட்டிய வண்டிகள் நிற்கவில்லை. ஒரு வழியாக ஒரு ஜல்லி லாரிக்காரர் கன்னியப்பனைத் தூக்கி முன்னால் உட்காரவைத்துக் கொண்டுவந்து சேர்த்தபோது, அவருடைய முறை போய்விட்டிருந்தது. மெஷினில் வேறு ஆள். மறுநாள் வரச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலையில் நுரையீரலில் நீர் ஏறி, மூச்சுத் திணறி, ஆக்சிஜன் வைத்து அட்மிட் செய்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். பேச முடியவில்லை, கையை மட்டும் லேசாகத் தூக்கினார்.

வண்டியைக் கட்டி இழுத்துவந்து, நகரத்தில் பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் விசாரித்தோம். பெரிய பேட்டரி போயிருக்கலாம் என்றார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வரியெல்லாம் சேர்த்து மூன்று லட்சத்துக்கு மேல், அதுவும் இரண்டு மாதம் ஆகும். அக்கா வண்டி வாங்கியதே நாலரை லட்சத்துக்கு. நாங்கள் திரும்பும்போது கழுத்துப் பட்டை கட்டிய அதிகாரி ரொம்ப அமைதியாகச் சொன்னார்:

"இந்த மாடலை இந்தியாவுல யாரும் விக்கவே இல்லையே மேடம். யார் உங்களுக்குப் பார்த்துச் சொன்னது?"

சீட்டைக் கழற்றியபோது

நானே பிரித்துப் பார்க்கிறேன் என்று எடுத்துக்கொண்டேன். மின்வாரியத்தில் கம்பம் ஏறும் ஒருவரிடம் ரப்பர் கையுறை இரவல் வாங்கினேன். இருநூறு வோல்ட்டுக்கு மேல் இருக்கும் பேட்டரி, கை பட்டால் கதை முடிந்தது. முதல் தடவையாக அந்தப் புத்தகத்தையும் டேஷ்போர்டிலிருந்து எடுத்தேன். கரண்டைத் துண்டிக்கும் இடத்தைத் தேடிப் பக்கம் புரட்டியபோது ஒரு படம் வந்தது. பின்சீட்டின் வலது ஓரத்து ஜாலி. அதன் மேல் ஒரு பை வைத்திருப்பதுபோல வரைந்து, குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தார்கள். இங்கிலீஷ் படிக்கத் தேவையே இல்லை. சின்னக் குழந்தைக்கும் புரியும் படம்.

பாஷாவை வரவழைத்தேன். அவன் பிளேடால் ரெக்சினைக் கிழித்தான். உள்ளே பஞ்சு, பஞ்சுக்குப் பின்னால் ஜாலி, ஜாலிக்குப் பின்னால் ஒரு குழாய், குழாயின் கடைசியில் ஒரு ஃபேன். பேட்டரியைக் குளிர வைக்க வேண்டிய காற்று முழுக்க அந்த ஜாலி வழியாகத்தான் போக வேண்டும். நான் அதை அடைத்துத் தைத்து வைத்திருந்தேன். ஃபேன் இறக்கையில் நூலும் தூசியும் திரண்டு அப்பியிருந்தன. பேட்டரிக்குள் தனித்தனியாகக் கரண்ட் சேமிக்கும் இருபத்தெட்டுக் கட்டிகள். ஒவ்வொன்றிலும் ஹெட்லைட் பல்பை மாட்டி எரியவைத்துப் பார்த்தேன். ஓரத்தில் இருந்தவை தாங்கின. நடுவில், சூடு அதிகம் சேரும் இடத்தில், நாலு கட்டிகள் வெந்து உப்பியிருந்தன. அந்தக் கடல் சத்தம் என்னவென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. காற்று கிடைக்காமல் அந்த ஃபேன் இத்தனை நாள் முழு வேகத்தில் சுற்றியிருக்கிறது.

துறைமுகம் பக்கம், இறக்குமதிப் பழைய இன்ஜின் விற்கிற ஒருவரிடம் இதே மாடலின் அடிபட்ட வண்டி ஒன்று வந்திருந்தது. அதிலிருந்து நாலு நல்ல கட்டிகள் கிடைத்தன. பச்சை பூத்திருந்த செம்புத் தகடுகளைத் தேய்த்து மாட்டினேன். எல்லாம் சேர்த்து முப்பத்தெட்டாயிரம். அக்கா வந்து, ஏன் இப்படி ஆச்சு என்று கேட்டார். "பழைய வண்டி அக்கா, பேட்டரிக்கு வயசாயிடுச்சு" என்றேன். அவர் பணத்தை எண்ணி என் கையில் வைத்தார். நானும் வாங்கிக்கொண்டேன். வாங்கும்போது வெட்கமாக இருந்தது, ஆனாலும் வாங்கினேன். அவர் போனதும், டூல் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த பாஷா எழுந்தான்:

"அன்னிக்கு ரெண்டு வாட்டி கேட்டேன். இப்ப மூணாவது வாட்டி கேக்கறேன். அக்காகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

சத்தம் எங்கே

கன்னியப்பன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கிளம்பிய நாளில் வண்டியைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தினேன். பின்சீட்டில் வலது ஓரத்தில் ரெக்சின் இல்லை. பாஷா அந்த இடத்தைச் சுற்றி ஒழுங்காக மடித்துத் தைத்திருந்தான். கன்னியப்பன் பாதியாக இளைத்திருந்தார். வழக்கம்போல அந்தப் பக்கமே உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினார். அக்கா ஓட்டினார், நான் பக்கத்தில். வண்டலூர் தாண்டியது, கண்டிகை தாண்டியது. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. "தாமு, அந்தக் காத்து சத்தம் எங்க? கேக்கவே காணோம்" என்றார் கன்னியப்பன்.

பாஷா கேட்டபோதுகூட எனக்கு வாய் வரவில்லை. இந்த மனிதர் கேட்டதும் வந்துவிட்டது. ஜாலி, பஞ்சு, ஃபேன், புத்தகத்தில் இருந்த படம், பணம் வாங்கியது, எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. கன்னியப்பன் ரொம்ப நேரம் அந்த ஜாலி மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தார். "அப்ப அது மூச்சு கெடைக்காம தவிச்சிருக்கு. நான் தாலாட்டுன்னு நெனச்சி தூங்கிட்டேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்கா கேளம்பாக்கம் வரை நிறுத்தாமல் ஓட்டினார். கூட்டு ரோட்டில் வண்டியை ஓரம் கட்டினார். நான் இறங்கி, வாங்கிய பணத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து சீட்டில் வைத்தேன். அதை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியை இறக்கி, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கலாம் இல்ல? நான் வேற ஆளக் கேட்டிருப்பேன். உன்ன நம்பி இவர ஏத்திகினு போனேன் அண்ணா."

அந்த ஓட்டை

அதற்குப் பிறகும் அவர் என்னிடம்தான் வந்தார். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. வேறு யாரும் அந்த வண்டியைத் தொடாததும் ஒரு காரணமாக இருக்கலாம். மாதம் ஒரு தடவை ஜாலியைத் துடைத்து, ஃபேனைத் திறந்து தூசி ஊதிக் கொடுப்பேன். கூலி கேட்க மாட்டேன், அவரும் கொடுக்க மாட்டார். பேச்சு மட்டும் குறைந்துவிட்டது. வண்டி ஒரு முறையும் ஆஸ்பத்திரி நாளைத் தவறவிடவில்லை. அடுத்த வருஷம் ஆடியில் கன்னியப்பன் போய்விட்டார். மெஷினில் படுத்திருக்கும்போதே இதயம் நின்றுவிட்டது. வண்டியால் இல்லை என்று டாக்டரிடம் நான் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். அந்தக் கத்திரி வெயில் நாள் அவருடைய கணக்கில் எத்தனை நாளைக் குறைத்தது என்று கேட்கவில்லை.

தாம்பரம் வர வேண்டிய வேலை முடிந்ததால் அக்கா வண்டியை விற்க முடிவு செய்தார். ஊரப்பாக்கத்திலிருந்து ஏகாம்பரம் என்பவர் பார்க்க வந்தார். நிலத்தை மனைபோட்டு விற்றுவிட்டு ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், வெள்ளைச் சட்டை, விவரமான ஆள். அக்கா அவரை என் ஷெட்டுக்கே கூட்டிவந்துவிட்டார். "வண்டி எப்படிப்பா?" என்று ஏகாம்பரம் கேட்டார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். சின்ன பேட்டரி மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை போகும், தள்ளினால் கிளம்பாது. பேட்டரிக் கரண்டை மோட்டாருக்கு மாற்றிக் கொடுக்கும் பெட்டி சூடாகாமல் தண்ணீர் ஓட்டும் பம்ப் ஒன்று இருக்கிறது, அது நின்றால் வண்டி நிற்கும், பம்ப் இங்கே கிடைக்காது. பிரேக்கில் கோளாறு வந்தால் என்னால் முடியாது. பெரிய பேட்டரியில் நாலு கட்டி மாற்றியிருக்கிறேன், மாற்ற வேண்டி வந்ததற்கு நான்தான் காரணம். ஏகாம்பரம் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். விற்க வந்த இடத்தில் இப்படி ஒரு ஆளா என்பது அந்தப் பார்வை. "சரி, பெரிய பேட்டரி இன்னும் எத்தினி வருஷம் வரும்?" என்றார்.

"தெரியாதுங்க" என்றேன்.

பதினெட்டு வருஷத்தில் அந்த ஷெட்டுக்குள் அந்த வார்த்தை அன்றுதான் கேட்டது. அக்கா தலை நிமிர்ந்து பார்த்தார். கூட்டு ரோட்டில் என்னை இறக்கிவிட்ட அன்றைக்குப் பிறகு என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான். ஏகாம்பரம் கொஞ்ச நேரம் வண்டியைச் சுற்றி வந்தார். விலையில் இருபதாயிரம் குறைக்கச் சொன்னார், அக்கா பத்து குறைத்தார், பேச்சு முடிந்தது. கையில் சாவியை வாங்கிக்கொண்டு பின்கதவைத் திறந்தவர், ரெக்சினில் இருந்த ஓட்டையை விரலால் தொட்டு, "ஏம்மா, இத்தினி நல்லா சீட் கவர் போட்டுட்டு இங்க மட்டும் ஏன் பொத்தலா வுட்டீங்க? வூட்டுக்குப் போற வழியில ஒரு தையல் போட்டுக்கறேன்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா போய், அவர் கையை அந்த இடத்திலிருந்து எடுத்துவிட்டார்:

"அத மூடாதீங்க. எங்க வூட்டுக்காரரு தல சாச்சிகினு வந்த எடம் அது. அந்த வண்டி அது வழியாத்தான் மூச்சு வுடுது."

இப்போதெல்லாம் தினம் ஒரு தடவையாவது தெரியாது என்று சொல்லிவிடுகிறேன், அதனால் ஷெட்டுக்கு வரும் வண்டிகள் குறைந்துவிட்டன, நான் மூடச் சொல்லும் சாமான்களும் குறைந்துவிட்டன.